பாவில் விழுந்த பூஜ்யங்கள்

பிள்ளையார்பாளையத்தில் காந்தாவின் வீட்டுத் தறி அறையை ஆனந்தராஜ் வாடகைக்குப் பிடித்தபோதே அவர் பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏறியிருந்தது. பல்கலைக்கழகம் கொடுக்காவிட்டால் என்ன, பிளெக்ஸ் பேனர் கொடுத்துவிட்டது. வெறும் ஒன்றுகளால் ஆன ஒரு பிரம்மாண்ட எண்ணின் பகாக் காரணிகளைக் கணினியால் கண்டுபிடித்த மேதைக்கு ஞாயிறு மாலை பாராட்டு விழா. கண்டுபிடிப்பது மட்டும்தான் பாக்கி.

காந்தாவின் கணவர் தர்மன் பாதி நெய்துவிட்டுச் செத்துப்போன புடவை தறியிலேயே இருந்தது. ஓரமாக வேலை பார்க்கலாம், தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலைத் தொடக்கூடாது என்பது அவள் நிபந்தனை. கணினி ஒயர் தறிக்கு அப்பாலிருந்த சுவிட்சுக்கு எட்டவில்லை. ஆனந்தராஜ் நெடுக்கு இழைகளில் கொஞ்சத்தை பிளேடால் அறுத்து வழி செய்துகொண்டார்.

காந்தா வாசலோடு நின்றுவிட்டாள்.

"பாவ அறுத்துட்டியே சார். உசுரோட இருக்கசொல்லவே அவரு பொல்லாதவரு. அறுந்த இழைய வுட மாட்டாரு. கையில கெடச்சத வச்சி முடிச்சி போட்டுருவாரு."

"பேய்க்குக் கணக்கு வராதும்மா" என்றார், சாயம் போட்ட கிராப்பைத் தடவியபடி.

சனிக்கிழமை சாயங்காலம் காரணிகள் விழுந்தன. வகுத்தால் மீதியே இல்லை. விழாச் செயலாளருக்குப் போன் போட்டு, மாலையை இன்னும் கனமாகக் கட்டச் சொன்னார். பிறகு சும்மா, காரணிகளைத் திருப்பிப் பெருக்கிப் பார்த்தார்.

திரை முழுக்க ஒன்றுகள், பாவு இழைகளைப்போல நெருக்கமாக.

நடுவில் ஒரு பூஜ்யம்.

மறுபடி ஓட்டினார். பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் வரிசையாகப் பூஜ்யங்கள்.

பாவுக்குப் போடும் கஞ்சி புளித்த வாடை அடித்தது. முதுகுக்குப் பின்னால் தறியின் மிதி ஒருமுறை இறங்கி ஏறியது.

உச்சந்தலையில் சுருக்கென்றது.

திரையில் ஒரு பூஜ்யம் ஒன்றாக மாறியது.

மறுபடி சுருக்.

எழுந்து ஓடியிருக்கலாம். பேனர் கட்டியாகிவிட்டதே. பூஜ்யமெல்லாம் ஒன்றாக மாறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு மாலை மேடைக்குப் பட்டுத் தலைப்பாகையோடு வந்தார். மேதைக்கு ஏற்ற கம்பீரம் என்றார்கள். காரணிகளை வாசித்தார், கைதட்டினார்கள். செயலாளர் வெள்ளிக் கிரீடம் சூட்டுவதற்காகத் தலைப்பாகையைத் தூக்கினார்.

மொட்டை. தலை முழுக்கச் சிவந்த பொட்டுகள்.

அந்நேரம் காந்தா தறி அறையை எட்டிப் பார்த்தாள். அறுந்த இழை ஒன்றுகூட இல்லை. சிவப்புப் பாவின் நடுவே கறுப்பாகச் சில, மயிரோடு மயிர் முடிந்து, விறைப்பாக நின்றன. எச்சில் தொட்டுத் தேய்த்தாள். சாயம் விரலில் ஒட்டியது. உள்ளே நரை.

புடவை ஒரு சாண் வளர்ந்திருந்தது.

மிதி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.