அக்கா கூப்பிட்ட மலைப்பாதை

அக்கா தண்ணீர் கொண்டு வரவில்லை. பாலைவன நகரமான ஃபீனிக்ஸில் பிறந்து வளர்ந்தவள், தெருமுனைக் கடைக்குப் போனாலும் பாட்டிலோடு போகிறவள், ஜூன் மாதச் சாயங்காலத்தில் வெறுங்கையோடு மலையேறுவது நோர்மாவுக்கு உறுத்தியது.

“ஒன்கிட்ட இருக்கறதே போதும்டி,” என்றாள் டெல்ஃபினா. “ஊருக்கு நடுவுல இருக்கற மலைதானே. கீழ கத்தினா மேல கேட்கும்.”

போன கோடையில் இதே பாதையில்தான் அவள் கணவன் எஃப்ரென் காணாமல் போனான். ஹெலிகாப்டர் சுற்றியது, நாய்கள் மோப்பம் பிடித்தன, தொப்பிகூடக் கிடைக்கவில்லை. அதன்பின் இந்தப் பக்கமே திரும்பாத அக்கா, இன்று காலை தானே போன் பண்ணி, “அங்க ஒரு தடவை போயிட்டு வந்தா மனசு ஆறும், தனியாப் போக முடியல, வாடி” என்றபோது நோர்மாவால் மறுக்க முடியவில்லை.

பகலெல்லாம் குடித்த வெயிலைப் பாறைகள் மெல்லத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தன. சாகுவாரோ கள்ளிகளின் நிழல்கள் பாதையின் குறுக்கே நீண்டு கிடக்க, கீழே நெடுஞ்சாலையின் இரைச்சல் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கி, கடைசியில் இருவரின் காலடியில் சரளை நொறுங்கும் சத்தம் மட்டும் மிஞ்சியது. இருவரும் நின்ற பிறகும் அது கேட்டது.

“அக்கா, பின்னால யாரோ வராங்க.”

“திரும்பாத. நட.”

பாதையை விட்டு இடப்பக்கம் விலகினாள் டெல்ஃபினா. அங்கே ஓர் ஆள் நுழையும் அளவுக்குப் பாறை இடுக்கு. உள்ளிருந்து மழையில் நனைந்த மண்வாசனை வந்தது. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

“இங்கயே நில்லுடி. ஷூ கயிறு கட்டிக்கறேன்.”

அவள் குனியவில்லை. இடுக்கைப் பார்த்துப் பேசினாள். “கூட்டிட்டு வந்துட்டேன். சொன்ன மாதிரி அவரை விட்டுரு.”

“யாருகிட்ட பேசற? அக்கா?”

“மன்னிச்சிருடி. ஒனக்குன்னு புருஷன், புள்ளன்னு யாரும் இல்ல. எனக்கு அவர் இல்லாம முடியல.”

தடுமாற்றமே இல்லாத குரல். பலமுறை சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் இதே குரல்தான் நோர்மாவைத் தூங்க வைக்கும்.

மணிக்கட்டை ஏதோ பற்றியது.

இழுப்பு. இருட்டு. முன்னும் பின்னும் பாறை. கத்தினாள். சத்தம் வரவில்லை.

இடுக்குக்கு வெளியே எஃப்ரென் நின்றிருந்தான். காணாமல் போன அன்று போட்டிருந்த அதே நீலச் சட்டை. டெல்ஃபினா அவன் மார்பில் விழுந்து அழுதாள். அவன் அவள் தோளில் கை போட்டான். இருவரும் இறங்கத் தொடங்கினார்கள். அக்கா ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

நோர்மாவின் பக்கத்தில் ஒரு மூச்சு.

பாறையோடு பாறையாக ஒட்டி ஒருவன். கருவாடாகக் காய்ந்த முகம். கண்கள் மட்டும் ஈரம்.

எஃப்ரென்.

மனைவி போகும் திசையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தான். கூப்பிட முயன்று முயன்று உதடுகள் கிழிந்திருந்தன.

கீழே, டெல்ஃபினாவின் தோளில் கிடந்த கை மெல்ல நீண்டது. முதுகு வழியே இறங்கியது. இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று.

அவள் அதன்மேல் தலை சாய்த்து நடந்துகொண்டிருந்தாள்.