இரண்டு அரை ஆட்கள்

டாக்டரம்மா நாற்காலியின் நுனியிலேயே உட்கார்ந்திருந்தார். கொடுத்த தண்ணீரைத் தொடவில்லை.

"பதினோரு வருஷம் என்கிட்ட வேலை பார்த்தவரைப் போன வாரம் வெளியே அனுப்பிட்டேன், சார். செஞ்சது சரிதானான்னு தெரியணும்."

கேட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர். எதற்கும் பதறாதவர். பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி, மருந்துக்கடைக்காரர். துப்பு என்று காதில் விழுந்தால் போதும், கடையைச் சாத்திவிட்டு ஓடி வந்துவிடுவார்.

டாக்டரம்மா விளக்கினார். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி போல உட்கார்ந்திருப்பது அட்ரீனல் சுரப்பி. அதில் சுரக்கும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பை உடம்பில் பிடித்து வைக்கும். அளவு மீறினால் ரத்த அழுத்தம் ஏறும். இது குடும்பவழியாக வருகிறதா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. சேர்ந்தவர்கள் ஒரு நாள் முழுவதும் கழிக்கும் சிறுநீரை ஒரு கேனில் பிடித்துக் கொண்டுவர வேண்டும்.

"பிரஷர் இருக்கிற ஒரு அப்பாவும் மகனும் ஆளுக்கு ஒரு கேன் கொண்டுவந்தாங்க. ரெண்டுலயும் உப்பு, பொட்டாசியம், ஹார்மோன் எல்லாமே ஒண்ணு, ஹார்மோன் ரெண்டுலயும் அளவுக்கு மேல. ரெண்டு மனுஷங்களுக்கு அப்படி வரவே வராது. லேப் டெக்னீஷியன் ஒரு கேனைக் கொட்டிட்டு, அதை மறைக்க இன்னொண்ணுல இருந்து ஊத்தியிருக்கார்னு நினைச்சேன்."

"அவர் என்ன சொன்னார்?"

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். "நான் கேக்கல."

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரும் மருந்துக்கடைக்காரரும் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனார்கள். வாசல் மேஜையில் கேன்களை வாங்கும் நர்ஸ், வந்தவுடனே அளந்து நோட்டில் எழுதிவிடுவார். அதற்குப் பிறகுதான் அவை டெக்னீஷியன் கைக்குப் போகும். இன்ஸ்பெக்டர் அந்த நோட்டை நெடுநேரம் பார்த்தார். அப்பா கேன் 810 மில்லி, மகன் கேன் 790. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் ஒன்றரை லிட்டராவது போவது வழக்கம். பிறகு சோதனைத் தாளில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்.

"மாப்பிள்ளை, இந்த கிரியேட்டினின்னா என்ன?"

"தசையில இருந்து வர்ற கழிவு, அத்தான். அவங்கவங்க உடம்புக்குத் தக்கபடி தினமும் ஏறக்குறைய ஒரே அளவு போகும்." தாளை வாங்கிக் கணக்குப் போட்டவர் விழித்தார். "மகன் தீயணைப்பு வீரராம், மலை மாதிரி ஆளாம். ஆனா இதுல பாதி ஆளுக்குத்தானே இருக்கு! அப்பா கேன்லயும் அதே பாதி!"

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார். "புரிஞ்சுபோச்சு."

"எல்லாரையும் ஒரே இடத்துல கூட்டிடுவோம், அத்தான். அப்பதான் களைகட்டும். அந்த வீட்டு மருமகளையும் வரச் சொல்றேன், வீட்டுல நடந்ததைச் சொல்ல ஆள் வேணுமே."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டருக்கும் அந்த ஆசை கொஞ்சம் இருந்தது.

மாலை நான்கு மணிக்கு டாக்டரம்மாவின் அறை நிரம்பியிருந்தது. டெக்னீஷியன் யார் முகத்தையும் பார்க்காமல் மூலையில் நின்றார். நர்ஸ், தீயணைப்பு வீரர், அவர் மனைவி. கடைசியாக வந்த தகப்பனார் துறைமுகத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர். தேய்த்த சட்டை, கருப்புக் கால்சட்டை. மெத்தை நாற்காலியைக் காட்டியபோது, "பரவாயில்லீங்க" என்று பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று இன்ஸ்பெக்டர் நினைத்துக்கொண்டார்.

"டெக்னீஷியன் ஊத்தி மாத்தியிருந்தா, கேன் வாசலுக்கு வந்தப்ப ரெண்டும் முழுசா இருந்திருக்கணும். ஆனா நர்ஸம்மா அளந்தப்பவே ரெண்டும் பாதி. ரெண்டு கேனையும் சேத்துப் பாத்தா ஒரே ஆள்தான் இருக்கார். அதுவும் தசை முறுக்கேறின ஆள். அப்ப பிரிச்சது லேப்ல இல்ல, வீட்டுல" என்றார் இன்ஸ்பெக்டர்.

டெக்னீஷியன் முதல் முறையாக நிமிர்ந்தார். டாக்டரம்மா கன்னத்தில் அறை வாங்கியவர் போலச் சிவந்தார். "என் கண்ணு ஹார்மோன் வரியை விட்டு நகரவே இல்ல..."

"தம்பி, உங்களோடதையே பிரிச்சு ரெண்டுலயும் ஊத்தினீங்க. ஏன்?"

மகன் எழுந்தார். "சோம்பேறித்தனம், சார். தப்பு என்னோடது. விட்டுடுங்க."

"சோம்பேறி ரெண்டு கேனைத் தூக்கிட்டு வரமாட்டான்." இன்ஸ்பெக்டரின் குரல் சாந்தமாகவே இருந்தது. "இதை நம்பி உங்க அப்பாவுக்கு அந்த ஹார்மோனை அடக்குற மாத்திரை கொடுத்திருப்பாங்க. தேவையில்லாதவருக்குக் கொடுத்தா பொட்டாசியம் ஏறி நெஞ்சே நின்னுபோகலாம். ஒருத்தர் வேலையும் போயிடுச்சு. காரணத்தைச் சொல்லுங்க."

மகன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஸ்டூலில் இருந்தவர்தான் பேசினார்.

"எனக்கு நிக்க மாட்டேங்குதுங்க."

யாருக்கும் புரியவில்லை.

"ஒண்ணுக்கு. அடக்க முடியறதில்ல. துணியிலயே போயிடுது. அதை எப்படிக் கேன்ல பிடிக்கிறது?" அவர் தன் முழங்காலைப் பார்த்தே பேசினார். "இவன் விடியறதுக்கு முன்னாடி எழுந்து என் படுக்கையை அலசிப் போடுறான், மருமகளுக்குத் தெரியாம. நான் வாயைத் திறந்து சொன்னதே இல்ல, அவனும் கேட்டதில்ல. கேனையும் அப்படித்தான் நிரப்பி வச்சிருந்தான்."

மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர் கையிலிருந்த சோதனைத் தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார்.

இன்ஸ்பெக்டருக்குக் காது சுட்டது. மெத்தை நாற்காலி அவருக்கு இப்போதுதான் விளங்கியது. "எல்லாரும் கொஞ்சம் வெளியே இருங்க" என்றார். சொல்லும்போதே, அதை ஒரு மணி நேரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும் என்று உறைத்தது.

வெளியே நடைபாதையில் டாக்டரம்மா டெக்னீஷியன் முன்னால் கைகூப்பி நின்றார். "நாளைக்கே வந்துடுங்க."

"வர்றேன், மேடம். பிள்ளைகுட்டிக்காரன், வராம முடியுமா?" அவர் குரலில் கோபம்கூட இல்லை. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அடுத்த வாரம் தகப்பனாருக்கு ரத்தத்திலேயே சோதனை செய்தார்கள். அவருடைய சுரப்பி ஒழுங்காகத்தான் இருந்தது. அது வயதோடு வந்த சாதாரண ரத்த அழுத்தம். வேறு மாத்திரை கொடுத்தார்கள்; ஹார்மோனை அடக்கும் மாத்திரை மகனுக்குப் போனது. அடக்க முடியாததற்கும் வைத்தியம் உண்டு என்று வேறொரு டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அன்று மாலை அவர் வீட்டுக்கு இன்ஸ்பெக்டர் தனியாகவே போனார். மருந்துக்கடைக்காரரை வரவேண்டாம் என்றுவிட்டார். வராந்தாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினார்.

"மன்னிச்சிடுங்க, ஐயா."

கிரேன்காரர் வேலைத்தலத்தில் யாரோ செய்த பிசகைச் சொல்பவர் போல நிதானமாகச் சொன்னார்:

"நீங்க கண்டுபிடிச்சது தப்பில்லீங்க. கதவைச் சாத்திட்டுக் கண்டுபிடிச்சிருக்கலாம்."