குளிர்ந்த முனை

ஒன்பது நாளாக உசாமி பூண்டைத் தொடவில்லை. ஆனாலும், எத்தனை முறை பல் தேய்த்தாலும், நாக்கை வழித்தாலும், வெந்நீர்த் தொட்டியில் ஊறிக் கிடந்தாலும், அழுகிய பூண்டும் துருவும் கலந்த நாற்றம் அவள் மூச்சிலும் வேர்வையிலும் தலையணையிலும் கசிந்துகொண்டே இருந்தது. தன் உடம்பே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"நேத்தும் பூண்டு போட்ட கியோஸா கொழுக்கட்டையா, உசாமி சான்?" பக்கத்து மேசைக் குரோகி மூக்கைப் பொத்திக்கொண்டான். "தனியாவே தின்னுட்டு வர்றீங்க. எங்களையும் கூப்பிடறது."

சிரித்து மழுப்பினாள். படிகம் வளர்க்கப் போடும் டெல்லூரியம் என்ற தனிமம் உடம்புக்குள் போனால் மூச்சு இப்படித்தான் நாறும் என்பது, ஜப்பானின் சென்டாய் நகரத்து அந்த ஆய்வகத்தில் எல்லோருக்கும் தெரியும்; பூண்டு என்றே நினைக்கட்டும் என்று விட்டாள். கண்ணாடிக் குழாய் ஒன்று உடைந்து டெல்லூரியத் தூள் சிதறியதையும், அதை வெறுங்கையால் அள்ளியதையும் அவள் சொல்லவில்லை. சொன்னால் படிகம் வளர்க்கும் உலையை அணைத்துவிடுவார்கள். மின்தடையே இல்லாத படிகம் ஒன்றை மார்ச்சுக்குள் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

உலைக்குள் குழாயின் ஒரு முனை சூடாக இருக்கும், மறுமுனை குளிர்ந்திருக்கும். சூட்டில் ஆவியானது குளிர்ந்த முனையில் போய்ப் படிகமாக வளரும். இன்று குழாயை உடைத்துப் பார்த்தாள். வெறும் கரி.

கை கழுவும்போது மோதிரவிரல் நகத்துக்கடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ மின்னியது. இடுக்கியால் இழுத்தாள். சீழோடு வந்தது. வந்துகொண்டே இருந்தது. தட்டையாக, பளபளப்பாக, வெட்டி வைத்த மாதிரி நேர் விளிம்போடு. தொட்டியிலேயே வாந்தி எடுத்தாள். அதிலும் பூண்டு.

தூக்கி எறிந்திருக்கலாம். துடைத்து, கம்பி ஒட்டி, மின்தடை அளக்கும் குளிர்கலத்துக்குள் இறக்கினாள். திரையில் மின்தடைக் கோடு சரிந்து பூஜ்யத்தில் படுத்தது.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். "இவ்ளோ சுத்தமா நான் பார்த்ததே இல்ல. எங்க வளர்ந்துது?"

"குளிர்ந்த முனைல, சென்செய்."

"திங்கக்கிழமைக்குள்ள இன்னும் நாலு குடு. உன் வேலையைப் பத்தி நான் பேசிக்கறேன்."

மதியம் பின்வாசலில் பனி கொட்டிக் கிடந்தது. உசாமி வயிற்றில் சூட்டுப்பையைக் கட்டிக்கொண்டாள். செருப்பைக் கழற்றினாள். காலுறை ஒட்டிக்கொண்டிருந்தது. பிய்த்தாள். நாற்றம். இரண்டு கால்களையும் கணுக்கால்வரை பனிக்குள் புதைத்தாள்.

வலித்தது. காத்திருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கால்களை வெளியே எடுத்தாள். பத்து நகங்களும் தூக்கிக்கொண்டு நின்றன, அடியில் சாம்பல் நிறப் பளபளப்பு. எண்ணிப் பார்த்தாள். நாலுக்கு மேலேயே இருந்தது.

மறுபடியும் கால்களைப் பனிக்குள் வைத்தாள்.