வியன்னாவுக்கு நான்கு பாஸ்போர்ட்

காலை பதினொன்றரைக்கு, சவுதியின் அல் கோபார் குடியிருப்பின் பதினேழாம் எண் வீட்டில் இருந்தவர்கள்: டேல் கார்வர், அமெரிக்கப் பொறியாளர். அவர் மனைவி மெகன். ஸ்வெட்டர் போட்டு வியர்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள். வேலைக்காரி ஜெபகனி, குளச்சல்காரி. வாசலில் வேனோடு டிரைவர் பெனிட்டோ, அவனும் தமிழன்.

இல்லாதவை: நான்கு அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகள்.

மாலை விமானம் வியன்னாவுக்கு. அந்தக் குடும்பம் ஐரோப்பாவைப் பார்த்ததே இல்லை. போன டிசம்பரில் போவதாக இருந்து நின்றுபோன பயணம் இது. இந்த 2007 டிசம்பரிலாவது கிறிஸ்துமஸ் சந்தையைக் காட்டுவதாக டேல் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்.

குடியிருப்பின் பாதுகாப்பு மேற்பார்வையாளர் செய்கு முகம்மது நைட் டியூட்டி முடிந்தும் தூங்கவில்லை. மாற்று ஆள் லீவில் இருந்தான். காயல்பட்டினத்திலிருந்து வந்து பதினெட்டு வருடம். கண் எரிந்தது.

படுக்கையறை மேசையின் டிராயர் நெம்பித் திறக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சமையலறைக் கத்தி கிடந்தது. டிராயருக்குள் ஒரு கைக்கடிகாரம், ஒரு முத்துமாலை, நீல அட்டை போட்ட இந்தியப் பாஸ்போர்ட் ஒன்று.

"இது யாருடையது?"

"ஜெபகனியுடையது," என்றாள் மெகன். "பத்திரமாக இருக்கட்டும் என்று நாங்கள் வைத்திருக்கிறோம். கத்தியும் அவள் கத்திதான். போலீசுக்குச் சொல்லிவிட்டேன்."

டேல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போலீஸ் வேண்டாம் என்றேன்," என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஜெபகனியைத் துணி துவைக்கும் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். போலீஸ் கொண்டுபோனால் விசாரணை முடியும்வரை ஜெயில். அதன்பிறகு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், திரும்ப வர முடியாது. இது அவளுக்குத் தெரியும்.

"கத்தி உன்னுதா?"

"எனக்கதுதான் பாய். மீன் அறுக்குறது. அத வச்சுப் பூட்டத் தொறந்துட்டு அங்கயே போட்டுட்டு வாறதுக்கு நான் என்ன மடச்சியா?"

"ராத்திரி எங்க படுத்தே?"

"எனக்க ரூம்ல. அதுக்குப் பூட்டு உண்டு. சாவி கிச்சன்ல ஆணியில தொங்குது. நான் உள்ள பூட்டப்பிடாதுன்னு மேடம் சொல்லிட்டாங்க."

"ஊர்ல யார் இருக்கா?"

"மவன் ஜெகின். பாலிடெக்னிக் கடைசி வருசம். நான் போனா அவன் படிப்பு அவ்வளவுதான்." பின்னால் திரும்பிப் பார்த்து, "சீக்கிரம் கேட்டு முடிங்க பாய். துணி மெஷின்ல கெடக்கு," என்றாள்.

வாசலில் பெனிட்டோ வேனில் சாய்ந்து நின்றான்.

"பாய், என்னையும் சேத்து உள்ள தள்ளிராதீங்க. நாளைக்கு எனக்கு ஃபிளைட். இங்க தங்குற பெர்மிட்டு, இக்காமாகூட கையில இல்ல. நேத்துதான் ஆபீஸ்ல குடுத்துட்டுப் பாஸ்போர்ட்ட வாங்கினேன்."

"எங்க வச்சிருக்கே?"

பெனிட்டோ சட்டைப்பையைத் தட்டினான். "பொண்டாட்டி போட்டோவ எடுத்துட்டு இத வச்சிருக்கேன்."

செய்கு சிரிக்கவில்லை. உள்ளே போனார்.

"பாஸ்போர்ட்டுகளை எப்போது வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்?"

"போன புதன்கிழமை," என்றார் டேல். "கம்பெனியில் வாங்கி நேராக டிராயரில் வைத்தேன்."

"மேடம் பார்த்தீர்களா?"

"டேல் சொன்னார். நான் சூட்கேஸ்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்."

"புகாருக்கு உங்கள் அடையாளம் வேண்டும் சார்."

டேல் யோசிக்காமல் சட்டைப்பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட இக்காமாப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். செய்கு அதைப் பிரித்தார். உள்ளே டேலின் படம், மெகனின் படம், பிள்ளைகள் இருவரின் படம். மூடினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

12.10. போலீஸ் ஜீப் கேட்டுக்கு வந்துவிட்டதாக வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. "நிறுத்தி வை," என்றார். எல்லோரையும் முன்னறைக்கு அழைத்தார். ஜெபகனி கதவோரம் நின்றாள்.

"ஜெபகனி இந்த டிராயரை உடைத்திருந்தால் முதலில் எதை எடுத்திருப்பாள்? அவளுடைய பாஸ்போர்ட்டை. அதில்லாமல் அவளால் எங்கும் ஓட முடியாது. அது தொடப்படாமல் கிடக்கிறது."

மெகன் வாய் திறந்தாள். செய்கு நிறுத்தவில்லை.

"இந்தக் கம்பெனியில் டிரைவருக்கும் பொறியாளருக்கும் ஒரே வழக்கம். இக்காமாவைக் கொடுத்தால்தான் பாஸ்போர்ட் கைக்கு வரும். ஊரிலிருந்து திரும்பினால் பாஸ்போர்ட்டைக் கொடுத்து இக்காமாவை வாங்குவோம். இரண்டும் ஒரே நேரத்தில் ஒருவரிடம் இருக்காது. பெனிட்டோ நேற்று மாற்றிக்கொண்டான். சாருடைய இக்காமா இதோ என் கையில்." புத்தகத்தை மேசையில் வைத்தார். "நான்கு பாஸ்போர்ட்டும் கம்பெனிப் பெட்டகத்தில் இருக்கின்றன. இந்த வீட்டுக்குள் அவை வரவே இல்லை. வெளியே இறங்கினால் இக்காமா சட்டையில் இருக்க வேண்டும் என்று கை பழகிவிட்டது சார். கேட்டதும் எடுத்துவிட்டீர்கள்."

டேல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"லீவை ரத்து செய்துவிட்டார்கள்," என்றார். "ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை. நாட்டை விட்டுப் போகக் கம்பெனி வாங்கித் தரும் எக்சிட் விசா கிடைக்காது என்று போன வாரமே தெரியும். இந்த முறையும் போகாவிட்டால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெக்சஸ் போய்விடுவேன் என்று இவள் சொல்லியிருந்தாள். தொலைந்துவிட்டது என்றால் யார் மேலும் தப்பு இருக்காது என்று நினைத்தேன். ஜெபகனியை மாட்டிவிட நினைக்கவில்லை."

"அவள் பெயரைச் சொன்னது மேடம். அவளுடைய கத்தியை வைத்தது நீங்கள். பேசாமல் நின்றதும் நீங்கள்தான்."

"அப்ப வியன்னா இல்லையா?" என்று சின்னவள் ஆங்கிலத்தில் கேட்டாள். மெகன் அவளுடைய ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள்.

செய்கு கேட்டுக்குப் போய், பாஸ்போர்ட் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது என்றார். போலீஸ்காரன் "கலாஸ்", முடிந்தது, என்று சொல்லி ஜீப்பைத் திருப்பினான். அவனுக்கும் பசி நேரம்.

அவர் திரும்பி வந்தபோது மெகன் ஜெபகனியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்று ஓய்வு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஜெபகனி படுக்கையறைக்குள் போனாள். டிராயரிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்தாள். சமையலறைக்குப் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள்.

"பாய், மேடத்துட்ட சொல்லுங்க. இது ரெண்டும் இனி எனக்க கையில இருக்கும்."

செய்கு ஆங்கிலத்தில் சொன்னார். மெகன் புருஷனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். எக்சிட் முத்திரை இல்லாத அந்தப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. அறையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும்.

ஜெபகனி சமையலறைக்குப் பின்னால் இருந்த தன் அறைக்குள் போனாள். கதவு மூடியது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.