உப்புக் குறையாத குடா

தொலைபேசி அலறியது!

தேனுகா கதிரையைத் தட்டி விழுத்திக்கொண்டு பாய்ந்தாள்.

"தம்பியோ?"

"இல்ல மிஸ். துறைமுகப் பொலிஸ், எஸ்.ஐ. மஹ்ரூப். நேவிப் படகு திரும்பிட்டுது. நிலாவெளியிலயிருந்து கொட்டியாரக் குடா வரைக்கும் தேடிப் பாத்தாச்சாம். ஒங்கட தம்பியும் இல்ல... அவர் போன படகும் இல்ல."

"இன்னும் தேடச் சொல்லுங்கோ சேர்."

"கடல் பெரிசு மிஸ். எந்தப் பக்கம் எண்டு தெரிஞ்சாத்தான் தேடலாம்."

"படகில டிராக்கர் பூட்டியிருக்கு சேர். எங்க நிண்டாலும் காட்டும்."

"பிறகென்ன? பாத்துச் சொல்லுங்க."

"ஏலாது சேர்."

"என்னத்துக்கு ஏலாது?"

"அந்தத் தரவு எங்களிட்ட இல்லை. கொழும்பில இருக்கு. காலமையிலயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்... தரமாட்டினமாம்."

மறுமுனையில் மஹ்ரூப் ஒரு நீண்ட மூச்சு விட்டார். இருபது வருடமாகக் கள்ளர்களோடு மாரடித்தவர். படித்தவர்களோடு இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான்.

தேனுகா வேலை செய்வது ஒரு தரவு மையத்தில். துறைமுகத்தைப் பார்த்த மேல்மாடி. கீழே குப்பைத்தொட்டியை ஊருக்குள் திரியும் மான்கள் கிளறும். வாசலில் பெரிய பலகை: 'நிலைபேறான அபிவிருத்திக்கான பல்கலைக்கழகத் தரவுப் பகிர்வுக் கூட்டாய்வு.' வாசித்து முடிப்பதற்குள் தேத்தண்ணீர் ஆறிவிடும்!

திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழகம், கொழும்பில் ஒன்று, வெளிநாட்டில் ஒன்று. மூன்றும் சேர்ந்து கொட்டியாரக் குடாவின் நலத்தைக் கவனிக்கின்றன. குடாவில் நான்கு மிதவைகள். அவை சொல்லும் சூடும் உப்பும் திருகோணமலைக்கு வரும். மிதவையும் படகும் எங்கே நிற்கின்றன என்பது கொழும்புக்குப் போகும். நீரோட்டக் கணக்கு வெளிநாட்டில்.

மூன்றையும் பகிர்ந்துகொள்வதாகக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். மாலை போட்டார்கள். படம் பிடித்தார்கள். ஆனால் பகிர்வதற்கான உடன்படிக்கையில் மட்டும் இன்றுவரை எவரும் கையெழுத்து வைக்கவில்லை. யாருடைய பெயர் முதலில் வருவது என்பதில் சண்டை.

பெயரில் மட்டும் பகிர்வு. மற்றதெல்லாம் பூட்டு.

அந்தப் பூட்டுக்கு அப்பால்தான் இப்போது கஜீபன் இருந்தான். தேனுகாவின் ஒரே தம்பி. அப்பா, அம்மா போன பிறகு அவளுக்கென்று மிச்சமிருந்த ஒரே உயிர். இதே மையத்தில் ஆராய்ச்சி மாணவன்.

நேற்றுப் புதன்கிழமை. மிதவை பார்க்கப் படகில் போகும் நாள். லிங்கநகர் வீட்டில் புட்டைச் சாப்பிட்டான், பையைத் தூக்கினான், "வாறன் அக்கா" என்றான், போய்விட்டான். இன்று காலையில் பார்த்தால் படுக்கை கசங்காமல் கிடந்தது. போன் செத்துக் கிடந்தது.

உடனே பேராசிரியர் பாக்கியரத்தினத்துக்குப் போன் அடித்தாள். மையத்தின் தலைவர். தேனுகாவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர். அவர் சொன்னால் அவளுக்கு அது வேதம்.

"கஜீபனோ? நேற்று மிதவை பாக்கப் படகில போனவன்தானே," என்றார் அவர்.

பொலிஸ் வந்து கடைசியாகக் கண்டது யார் என்று கேட்டபோதும் அவர் தடுமாறவில்லை. உப்புவெளிக் கரையில் தானே நின்று படகைத் தள்ளிவிட்டதாகச் சொன்னார். ஒவ்வொரு புதனும் மேற்பார்வையாளர் கரையில் நிற்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி.

தேனுகா கொழும்புக்கு மறுபடியும் அடித்தாள். அங்கே தரவுக்குப் பொறுப்பு றிஷானா என்ற பெண். ஒரு நாளும் நேரில் கண்டதில்லை. காலையிலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. தலைவரின் கடிதம் இல்லாமல் எதுவும் திறக்க முடியாது. விதி அப்படி.

"கடிதம் வந்தா உடன தருவீங்களா?"

"வந்தாப் பாப்பம் மிஸ்."

பாப்பமாம்! தேனுகா பல்லைக் கடித்துக்கொண்டு பேராசிரியரின் அறைக்கு ஓடினாள்.

அவர் தேத்தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். கலக்கினார், கலக்கினார், சீனி கரைந்து கால்மணி நேரம் ஆகியிருக்கும்.

"சேர், ஒரு கையெழுத்து மட்டும் போடுங்கோ."

"பிள்ளை, பதட்டப்படாதை. பெடியன் பின்னேரத்துக்கிடையில வந்திடுவான்."

"கடல்ல நிக்கிறான் சேர்."

"தரவு எண்டது சொத்து மாதிரி. ஒருக்காத் திறந்தா மூட ஏலாது. பீடாதிபதியையும் ஒருக்காக் கேக்கவேணும்..."

பீடாதிபதி கொழும்பில் கூட்டத்தில். சரி, அவர் பிறகு பார்க்கட்டும் என்று தேனுகா தானே கடிதத்தை அடித்துக்கொண்டு வந்தாள். வெறும் தாளில் ஏலாது, கடிதத்தலைப்பு வேண்டும் என்றார். கடிதத்தலைப்பு பூட்டிய அலுமாரிக்குள். அலுமாரித் திறப்பு எழுதுவினைஞரிடம். எழுதுவினைஞர் லீவு. மூதூரிலுள்ள அவர் வீட்டுக்கு அடித்துத் திறப்பு இருக்கும் இடத்தை அறிந்து, திறந்து, தாளை எடுத்து, அடித்து, மூச்சு வாங்க ஓடி வந்தால்...

கதிரை காலி!

அவசரக் கூட்டமாம். போய்விட்டாராம்.

தேனுகா அந்தத் தாளைக் கசக்கி எறிந்தாள். பிறகு அதையே பொறுக்கி நீவினாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய மின்னஞ்சலுக்குப் பதில் வந்திருந்தது. ஆவலோடு திறந்தாள். அவர்களின் நெறிமுறைக் குழு அடுத்த மாதம் கூடுமாம். இனிய நாளாக அமையட்டுமாம்!

நாசமாய்ப் போக.

வேறு வழியில்லாமல் தன்னிடம் இருந்த தரவையே திறந்தாள். நான்கு மிதவைகளின் சூடும் உப்பும். ஏதாவது தெரியாதா என்ற நப்பாசை.

நான்கு கோடுகள். நேராக, அமைதியாக.

போன மாதம் கஜீபன் இதே திரையைக் காட்டிக் கேட்டது நினைவுக்கு வந்தது. அது மாரிகாலம். மகாவலி கரைபுரண்டு வந்து குடாவில் விழுந்துகொண்டிருந்தது. மூதூர்க் கரையில் கடல் தேத்தண்ணி நிறத்தில் கிடக்குது, மீன் செத்து மிதக்குது என்று மீனவர்கள் மையத்தின் வாசலில் வந்து நின்றார்கள். குடா நலம் என்று பேராசிரியர் அறிக்கை கொடுத்து அனுப்பினார்.

"ஆத்துத் தண்ணி இவ்வளவு வந்தும் எங்கட மிதவையில மட்டும் ஏனக்கா உப்புக் குறையேல்ல?" என்று கேட்டான் அவன்.

விலை கூடின சென்சர், பிழை விடாது என்று வாயை அடைத்துவிட்டாள். இப்போது அந்தக் கோடுகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு என்னவோ செய்தது.

மறுபடியும் கொழும்பு.

"மிஸ், கடிதம்—"

"கடிதம் இல்லை றிஷானா. வராது. நான் இனி விதியைப் பற்றிக் கதைக்கேல்ல. என்ர தம்பி கடலுக்குப் போனவன், திரும்பி வரேல்ல. அவ்வளவுதான். நீங்கள் போனை வையுங்கோ."

றிஷானா வைக்கவில்லை.

 பிறகு அவளுடைய குரல் வேறு மாதிரி வந்தது.

"எனக்கு ஊர் கிண்ணியா, அக்கா. வாப்பா கடலுக்குப் போற ஆள். வர லேட்டானா உம்மா கரையில போய் நிப்பா. நானும் நிண்டிரிக்கிறன்." விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. "ஒங்கட மெயிலப் பாருங்க. என்ட வேல போனாப் போகட்டும்."

வரைபடம் வந்தது!

திறந்தாள். படகுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. அதைக் கடலில் தேடினாள். வடக்கே இல்லை. குடாவில் இல்லை...

புள்ளி தரையில் நின்றது.

உப்புவெளி. கரையிலிருந்து உள்ளே, தென்னந்தோப்புக்குப் பின்னால்.

நான்கு மிதவைகளையும் பார்த்தாள். குடாவின் நாலு மூலையிலும் மிதக்க வேண்டியவை. நான்கும் அதே தோப்புக்குள், ஒன்றின் தலையில் ஒன்றாகக் குந்தியிருந்தன!

"சேர்," என்றாள் போனில் மஹ்ரூப்பிடம். "படகு கடல்ல இல்லை. ஆரோ இழுத்துக்கொண்டு வந்து ஒளிச்சிருக்கினம்."

பத்தாவது நிமிடம் பொலிஸ் ஜீப் கீழே நின்றது.

அந்த இடம் ஓர் இறால் குஞ்சுப் பண்ணை. யாருடையது என்று மஹ்ரூப் வழியிலேயே விசாரித்துவிட்டார். பேராசிரியர் பாக்கியரத்தினத்தின் மச்சான் பெயரில் இருந்தது. தேனுகா நம்ப மறுத்தாள். வேறு பாக்கியரத்தினமாக இருக்கும் என்றாள்.

படலையைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்கள்.

முதலில் தெரிந்தது படகு. தறப்பாளால் மூடிக் கவிழ்ந்து கிடந்தது.

"கஜீபன்!"

தேனுகா அலறிக்கொண்டு ஓடினாள். பொலிஸ்காரர்கள் படகைப் புரட்டினார்கள். உள்ளே ஒன்றுமில்லை. சருகு, சிலந்திவலை, உதவாத ஒரு கயிறு.

அப்போதுதான் தொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

நீளமான சீமெந்துத் தொட்டி. நிறையக் கடல் தண்ணீர், நிறைய இறால் குஞ்சு. நடுவில் மஞ்சள் நிறத்தில் மூன்று மிதவைகள். நான்காவதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு, காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, தொட்டிக்குள் நின்றார் ஒரு மனிதர்.

அவசரக் கூட்டத்துக்குப் போனவர்!

"சேர்..." என்றாள் தேனுகா.  இந்த மனிதர் முன்னாலா காலையிலிருந்து கையெழுத்துக்குக் கெஞ்சினோம் என்று நெஞ்சு எரிந்தது.

மஹ்ரூப் அவரைச் சட்டையில் பிடித்து வெளியே எடுத்தார்.

"நேத்து நீங்க கடல்ல தள்ளிவிட்ட படகு இது. தோப்புக்குள்ள எப்பிடி வந்த? பெடியன என்ன செஞ்சீங்க?"

"நானொண்டும் செய்யேல்லை."

"படகு ஒங்கட இடத்தில. கடசியாக் கண்டதும் நீங்க. உடல எங்க போட்ட?"

உடல் என்ற சொல்லைக் கேட்டதும் பேராசிரியரின் முகத்தில் இருந்த இரத்தம் இறங்கியது.  மஹ்ரூப் விலங்கை எடுத்தார்.

"நான் தள்ளிவிடேல்லை!" அவர் தொட்டியின் விளிம்பில் தொப்பென்று குந்தினார். "பொய் சொன்னனான். அந்தப் படகு கடலைக் கண்டே ஒரு வருஷத்துக்கு மேல. ஒரு புதனும் ஒருத்தரும் போறேல்லை. அவனும் போகேல்லை. அவன் எங்கையெண்டே எனக்குத் தெரியாது!"

பிறகு எல்லாம் கொட்டுண்டது. கடலில் மிதவையைப் பராமரிப்பது பெரிய தலையிடியாம். இறால் குஞ்சுக்கோ தண்ணீரின் சூடும் உப்பும் ராப்பகலாகப் பார்க்க ஆள் வேண்டுமாம். மிதவையைத் தொட்டியில் விட்டால் இரண்டும் தீர்ந்தது. அதுவும் கடல் தண்ணீர்தானே என்று அந்த நிலையிலும் விளக்கம் சொன்னார். கொழும்புத் தரவும் இங்குள்ள தரவும் ஒரு மேசையில் சேர்ந்தால் குட்டு வெளிப்படும். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பெயர்ச் சண்டையைக் கிளப்பி உடன்படிக்கையை இழுத்தடித்திருக்கிறார். புதன்கிழமை அறிக்கையில் படகு போனது என்று எழுதியவர், பொலிஸ் கேட்டபோது வேறு என்ன சொல்வார்?

"கொலைக்குப் பயந்து சொல்ற கத," என்றார் மஹ்ரூப். "நான் நம்பமாட்டன்."

"எழுதித் தாறன் ஐயா! பேப்பர் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன்!"

காலையிலிருந்து ஒரு கையெழுத்துக்குத் தவம் கிடந்தவள், அந்தக் கை பேனாவுக்குத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெறும் தாள்தான். கடிதத்தலைப்பு இல்லை. பீடாதிபதியும் இல்லை. பக்கம் பக்கமாக எழுதி அழகாகக் கையெழுத்து வைத்தார்.

அப்போது தேனுகாவின் தொலைபேசி அலறியது.

"அக்கா, மிதவை நாலும் கிடைச்சுதோ?"

அவள் அப்படியே மண்ணில் குந்திவிட்டாள்.

கஜீபன் மூதூரில் இருந்தான். நிப்றாஸ் என்ற கூட்டாளி வீட்டில், நேற்றிலிருந்து, சாப்பிட்டுப் படுத்துக்கொண்டு. பேராசிரியர் புதன்தோறும் அவனைக் கரைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவன் கடலுக்குப் போனதாக அறிக்கை எழுதுவதைக் கஜீபன் பல மாதமாகக் கவனித்திருக்கிறான். கொழும்புக்கு எழுதினான், பீடாதிபதிக்கு எழுதினான். ஒரு பதிலும் இல்லை.

"என்னட்டச் சொல்லியிருக்கலாமேடா."

"சொன்னா நீ சேரிட்டையே போய்க் கேட்டிருப்பாய். உயிரோட இருக்கிறவன் கேட்டா ஒருத்தரும் தரவு தரமாட்டினம் அக்கா. அதுதான் ஒரு நாள் காணாமல் போய்ப் பாத்தனான்."

"வீட்டுக்கு வா. உண்மையாக் கடல்ல தள்ளிவிடுறன்," என்றாள் தேனுகா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கு ஒழுகியது.

மஹ்ரூப் போனைப் பறித்தார். நேவியையும் பொலிஸையும் அலையவைத்ததற்கு உன்னையும் உள்ளே போடுவேன் என்று சத்தம் போட்டார்.

"நான் கடலுக்குப் போறனெண்டு ஆருக்குச் சொன்னனான் சேர்? கூட்டாளி வீட்டை வந்தனான், போனில சார்ஜ் இல்லை. என்னைக் கடலுக்கு அனுப்பினது பேராசிரியர்தான்."

மஹ்ரூப் கொஞ்சம் யோசித்தார். அவனைப் பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொழும்பில் ஒரு பிள்ளையின் வேலை போகாமல் இருக்கத் தானே ஒரு கடிதம் எழுதுவதாகத் தேனுகாவிடம் சொன்னார்.

பேராசிரியர் ஈரக் காலோடு ஜீப்பில் ஏறினார். ஏறியவர் மெல்லக் குனிந்தார்.

"இன்ஸ்பெக்டர்... நான் எழுதித் தந்தது வெளியில போகாதுதானே? ஆரோடையும் பகிரமாட்டீங்கள்தானே?"

"பயப்பிடாதீங்க சேர்," என்று மஹ்ரூப் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "நீதவானோட மட்டுந்தான் பகிர்வம். அவர் யாருட பேர் முதல்ல எண்டு சண்ட பிடிக்கமாட்டார்... ஒங்கட பேர் மட்டுந்தானே இரிக்கு!"