இரண்டு முறை உள்ளே வந்தவள்

“உங்க கேமரா என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுருச்சு!”

பகல் ஒன்றரை மணிக்குக் கடைக்குள் நுழைந்த நர்ஸ், கைப்பையை மேசைமேல் தொப்பென்று போட்டாள். திருகாணி டப்பா கவிழ்ந்து தரையெல்லாம் சிதறியது. அவள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

கடை ஓர் அண்ணனுக்கும் தங்கைக்கும் சொந்தம். வீடுகளுக்குக் கம்பியில்லாக் கேமரா மாட்டுவதும், மாட்டியது மக்கர் செய்தால் போய்ப் பார்ப்பதும் அவர்கள் தொழில். அண்ணனைத் தெருவே ‘நிதானம்’ என்றுதான் கூப்பிடும். தங்கைக்கு வைத்த பெயர் ‘வெடி’. இரண்டு பெயரும் ஏன் வந்தன என்று விளக்கத் தேவையில்லை.

நிதானம் குனிந்து திருகாணிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். “உக்காந்து சொல்லுங்கம்மா.”

“உக்கார முடியல அண்ணே, உடம்பெல்லாம் எரியுது. ரெண்டு தெரு தள்ளி, பக்கவாதம் வந்த ஒரு அம்மாவுக்கு அஞ்சு மாசம் முன்னாடி கேமரா மாட்டினீங்களே, அந்த வீட்டு நர்ஸ் நான். அம்மாவுக்குப் பேச்சு போச்சு. வலது கை, கால் வராது. நேத்து மத்தியானம் அவங்க இடது மணிக்கட்டுல விரல் பதிஞ்ச மாதிரி கன்னிப்போயிருந்துச்சு. நான்தான் அடிச்சு முறுக்கினேனாம்! கேமராவுல என்னைத் தவிர யாருமே ரூமுக்குள்ள போகலையாம்!”

“அட, யாரு சொன்னது?” என்று ஏணிமேல் இருந்த வெடி குதித்து இறங்கினாள்.

“வீட்டுல எல்லாருந்தான். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள ‘நான்தான் செஞ்சேன், மன்னிச்சிருங்க’ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். இல்லேன்னா போலீஸ். எழுதிக் குடுத்தா அந்தத் தாளு நேரா ஏஜென்சிக்குப் போகும். அப்புறம் எவன் என்னைத் தன் அம்மா பக்கத்துல விடுவான்? பதினோரு வருஷம் அண்ணே! எத்தனை பேருக்குக் கால் கழுவி விட்டிருக்கேன்! எத்தனை பேரைக் குழந்தை மாதிரி தூக்கியிருக்கேன்!”

“அந்த அம்மாகிட்டயே கேட்டாங்களா?”

“நான் சொன்னேன். ஆமான்னா ஒரு தடவை கண்ணை மூடுவாங்க, இல்லேன்னா ரெண்டு தடவைன்னு. ‘அதெல்லாம் நீ பழக்கி வெச்ச வித்தை’ன்னு மருமக சொல்லிட்டா. பெத்த பிள்ளைங்க ஒருத்தனாச்சும் கட்டில்கிட்ட வந்து கேட்கலை.”

சொல்லும்போதே ஆத்திரம் வருகிறது. பேச்சுத்தான் போயிற்று, காது போகவில்லை. ஒரு தாயைப் பற்றி அவள் தலைமாட்டில் நின்றுகொண்டே மணிக்கணக்கில் வாதாடிய அந்த வீட்டில், அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மருமகள் அனுப்பியிருந்த பதிவுகள் நர்சின் போனில் இருந்தன. மொத்தம் மூன்று. ஒவ்வொன்றும் இருபது விநாடி. மணி மூன்று: கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் ஆகாரக் கிண்ணத்துடன் உள்ளே வருகிறாள். மூன்று ஒன்பது: கதவைத் திறந்துகொண்டு நர்ஸ் துண்டுடன் உள்ளே வருகிறாள். நான்கு ஐந்து: மருமகள் உள்ளே வருகிறாள், போர்வையை விலக்குகிறாள், அலறுகிறாள்.

நிதானம் முதல் இரண்டையும் மூன்று தடவை பார்த்தார். “வெடி, என்ன தெரியுது?”

“இவங்க வர்றாங்க. மறுபடியும் வர்றாங்க. வேற யாரும் வரலை. அதானே அண்ணே சிக்கலே!”

“அதேதான் சிக்கல்,” என்றார் நிதானம். பிறகு நர்சைப் பார்த்து, “அந்தக் கேமராவைக் கடைசியா எப்ப சார்ஜ் போட்டாங்க?” என்று கேட்டார்.

“சார்ஜா? மாட்டின நாள்லேர்ந்து கழட்டினதே இல்லை. பெரிய பிள்ளை அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவாரு.”

“ஒரு நாளைக்கு அந்த ரூமுக்குள்ள நீங்க எத்தனை தடவை போவீங்க?”

“நாப்பது தடவையாவது இருக்கும். ஏன்?”

நிதானம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். “வாங்க, போவோம்.”

அந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் தாளும் அதன்மேல் ஒரு பேனாவும் தயாராக இருந்தன. நர்ஸ் எழுத வேண்டிய மன்னிப்புக்காக. அதைப் பார்த்ததும் வெடிக்கு மூக்கு விடைத்தது. அண்ணன் அவள் கையைத் தொட்டு அடக்கினார்.

வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். ஆபீசுக்கு லீவு போட்டிருந்த பெரியவன். அவன் மனைவி. கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டுக்கொண்டு மாடியிலிருந்து இறங்கி வந்த சின்னவன். அவன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்பவன்.

“நீங்க எதுக்கு வந்தீங்க?” என்றாள் மருமகள்.

“நாங்க மாட்டின கேமரா போலீசுக்குச் சாட்சியாப் போகப் போகுதுன்னு கேள்விப்பட்டோம். அது ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்த்துட்டுப் போறோம்மா. நாளைக்கு எங்களைத்தானே கேட்பாங்க?”

மறுக்க வழியில்லை. நோயாளியின் அறைக்குள் எல்லாரும் நுழைந்தார்கள். கட்டிலில் அந்த அம்மா கண் திறந்து படுத்திருந்தாள். செயலிழந்த வலது கை இறுகிய முஷ்டியாக மடங்கியிருக்க, விரல் நகம் குத்தாமலிருக்க உள்ளங்கையில் துணிச்சுருள் வைத்திருந்தது. இடது கை போர்வைமேல் விரிந்து கிடந்தது. பிள்ளைகள் நெருங்கியதும் அந்தக் கை மெல்ல மூடிக்கொண்டது, கட்டைவிரல் உள்ளே. நிதானம் அதைப் பார்த்தார்.

“பார்த்தீங்களா? இவளைக் கண்டாலே அத்தை பயந்து கையைச் சுருட்டிக்கறாங்க!” என்றாள் மருமகள்.

“வாயை அடக்கிப் பேசுங்க!” என்று நர்ஸ் எகிறினாள். “நேத்துக்கு முன்னாடி இப்படிச் சுருட்டினதே இல்லை!”

“கொஞ்சம் இருங்க,” என்று நிதானம் கையமர்த்தினார். “நேத்து மூணு மணிக்கு யார் யார் எங்க இருந்தீங்க?”

“நான் பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தேன்,” என்றாள் மருமகள்.

“நான் மாடியில. காதுல இது,” என்று சின்னவன் ஹெட்போனைத் தட்டினான்.

“நான் ஆபீஸ்ல. இவ போன் பண்ணினப்புறம்தான், நாலு இருபதுக்கு வந்தேன்,” என்றான் பெரியவன்.

“இவங்க ஆகாரம் குடுத்த பாத்திரத்தைக் கழுவ எங்க போவாங்க?”

“பின்கட்டுல குழாய்,” என்றாள் நர்ஸ். “நேத்தும் மூக்குக் குழாயில ஆகாரம் விட்டு ரெண்டு நிமிஷத்துல முடிச்சுட்டு, நேரா அங்கதான் போனேன். ஏழெட்டு நிமிஷம் ஆகும்.”

“சரி. கேமராவை யாராவது போன்ல திறங்களேன்.”

“தம்பிதான் இதெல்லாம் பார்ப்பான். எனக்கு ஒரு மண்ணும் புரியாது,” என்று பெரியவன் நகர்ந்தான்.

சின்னவன் திறந்துகொடுத்தான். வெடி அதை வாங்கித் தடவிப் பார்த்து, அவனை முறைத்துவிட்டு, அண்ணன் காதில், “இவன்தான் அண்ணே! கம்ப்யூட்டர்காரன், இதே வீட்டுல இருந்திருக்கான்!” என்று பொரிந்தாள்.

“அதுல செட்டிங்ஸ் இருக்கா பாரு.”

அவள் தேடினாள். இல்லை. சின்னவனால் பார்க்க மட்டும்தான் முடியும். எதையும் மாற்ற முடியாது. கேமராவின் கட்டுப்பாடு இருந்தது வேறொரு போனில்.

“சார், உங்க போன்,” என்றார் நிதானம் பெரியவனிடம்.

“ஆபீஸ் விஷயமெல்லாம் அதுல…”

“குடுங்களேன்!” என்று மனைவியே அவன் சட்டைப்பையிலிருந்து போனை உருவி நீட்டினாள். “பார்க்கட்டும். இவ வண்டவாளம் வெளிய வரட்டும்!”

நிதானம் போனை எல்லாருக்கும் தெரியும்படி கட்டிலருகே ஒரு மேசைமேல் வைத்து, சிறிது நேரம் எல்லாரையும் அசையாமல் நிற்கவைத்தார். “வெடி, வெளிய போய்ட்டு உள்ள வா.”

அவள் வந்தாள். போன் ‘டிங்’ என்றது. இருபது விநாடிப் பதிவு ஒன்று சேர்ந்தது.

“இப்ப நான்.” நிதானம் வெளியே போய், கதவைத் திறந்து உள்ளே வந்தார். கேமராவுக்கு நேராக நின்று இரண்டு கையையும் ஆட்டினார். அந்தக் கனத்த மனிதர் இரண்டு குதிகூடக் குதித்தார். போன் வாயைத் திறக்கவில்லை. பட்டியலில் புதிதாக எதுவும் ஏறவில்லை.

“என்னங்க இது?” சின்னவன் வாயைப் பிளந்தான்.

“இது பேட்டரிக் கேமரா தம்பி. எந்நேரமும் முழிச்சிருக்காது. ஆள் நடமாட்டம் தெரிஞ்சா முழிக்கும், இருபது விநாடி பிடிக்கும், மறுபடி தூங்கிடும். எவ்வளவு நேரம் தூங்கணும்னு நாமதான் சொல்லணும். நாங்க பூஜ்யம்னு வெச்சோம். இங்க என்ன இருக்குன்னு படிங்க.”

சின்னவன் குனிந்து படித்தான். “அஞ்சு நிமிஷம்.”

“நேத்துப் பதிவுல இவங்க ரெண்டு தடவை உள்ள வர்றாங்க. நடுவுல வெளிய போகவே இல்லை. வெளிய போகாத ஆள் எப்படித் திரும்ப உள்ள வர முடியும்? இவங்க போனதையே கேமரா பார்க்கலைன்னா, அந்த நேரத்துல வேற யார் வந்திருந்தாலும் பார்த்திருக்காது. கடையிலேயே எனக்கு அது உறுத்துச்சு. நாப்பது தடவை ஆள் போய் வர்ற ரூம்ல, இந்தப் பேட்டரி ரெண்டு மாசம் தாங்கினாலே அதிகம். அஞ்சு மாசம் ஓடியிருக்குன்னா, ஆரம்பத்துலேர்ந்தே பாதி நேரம் தூங்கியிருக்கு.”

வெடி பெரியவனைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. “சார்… மாட்டின அன்னைக்கு உங்ககிட்டதானே சொன்னேன்? எதை வேணா தொடுங்க, இந்த நேரத்தை மட்டும் கூட்டாதீங்க, கூட்டினா கண்ணு மூடிக்கும்னு? ஒரு மண்ணும் புரியாதுன்னீங்களே!”

“ஆபீஸ்ல போன் டிங் டிங்னு அடிச்சுட்டே இருந்துச்சு, அதனால மாத்தினேன். அது ஒரு குத்தமா?” என்று பெரியவன் சீறினான். “நான் நேத்து இங்கேயே இல்லையே!”

“மாத்தினது குத்தமில்லை,” என்றார் நிதானம். தம் போனைத் திறந்தார். “கேமராவுக்காக இந்த வீட்டு ரௌட்டரையும் நாங்கதான் சரி பண்ணிக் குடுத்தோம். எந்தப் போன் எப்ப வீட்டு வைஃபைக்குள்ள வந்துச்சு, எப்ப போச்சுன்னு அது குறிச்சு வைக்கும். தம்பி போன் நாள் முழுக்க இருந்திருக்கு. உங்க மனைவி போனும் இருந்திருக்கு. உங்க போன் ரெண்டு ஐம்பத்தொண்ணுக்கு உள்ள வந்திருக்கு. மூணு ஏழுக்குப் போயிருக்கு. நாலு இருபதுக்குத் திரும்ப வந்திருக்கு.”

மருமகள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பக்கவாசல்ல காத்திருந்தீங்க. இவங்க உள்ள போனதும் உங்க போன் டிங்னுச்சு. கேமரா தூங்கப்போகுதுன்னு அதுவே உங்களுக்குச் சொல்லிருச்சு. இவங்க பாத்திரத்தோட பின்கட்டுக்குப் போனாங்க. நீங்க வந்தீங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள வேலையை முடிச்சீங்க.”

“என்ன வேலை?” என்றாள் மருமகள்.

நிதானம் நர்ஸ் பக்கம் திரும்பினார். “நேத்துத் திரும்பி வந்தப்ப வித்தியாசமா ஏதாவது பார்த்தீங்களா?”

“மணிக்கட்டு சட்டைக் கைக்குள்ள இருந்துச்சு, அதைப் பார்க்கலை. ஆனா…” அவள் கட்டிலடியில் இருந்த குறிப்பு நோட்டை உருவினாள். “மூணு பத்து. இடது கட்டைவிரல் நகம் நீலம். ஆக்சிஜன் தொண்ணூத்தெட்டு. ரத்த ஓட்டம் குறையுதோன்னு பயந்து எழுதி வெச்சேன்.”

“ஒரே ஒரு விரல் மட்டும் நீலமாகுமா?”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டை ஊற்றிக்கொண்டு கட்டிலருகே மண்டியிட்டாள். “அம்மா, கையைக் குடுங்க.” மூடியிருந்த முஷ்டி அவளுக்கு மட்டும் திறந்தது. நகக்கண்ணில் பஞ்சை வைத்துத் துடைத்தாள். பஞ்சில் ஊதா நிறம் இறங்கியது.

“மை!” என்றாள். “அடப்பாவி, மை!”

சின்னவன் யாரையும் கேட்கவில்லை. கூடத்துக்குப் போய் அண்ணனின் ஆபீஸ் பையைத் தூக்கிவந்து கட்டிலின் கால்மாட்டில் கவிழ்த்தான். மைப்பெட்டி விழுந்தது. மடித்த பத்திரம் ஒன்றும் விழுந்தது. வீடு முழுவதும் பெரியவன் ஒருவனுக்கே என்று எழுதி, அடியில் ஒரு கைரேகை. பக்கவாட்டில் இழுபட்ட, பாதி அழிந்த ரேகை. வைக்க மறுத்த கையின் ரேகை.

“வலது கை மடங்கிப்போச்சு. அதனால இடது கை,” என்றார் நிதானம். “அதுல இன்னும் உசிரு இருந்துச்சு. அது முரண்டு பிடிச்சுது. நீங்க விடலை.”

“எனக்குக்கூடச் சொல்லலையே,” என்றாள் மருமகள். “என் வாயாலயே அந்தப் பொண்ணைப் போட்டு அந்தப் பேச்சுப் பேச வெச்சீங்களே!”

“அம்மா சம்மதிச்சாங்க!” என்று கத்தினான் பெரியவன். “கை நடுங்கிச்சு, அதனால பிடிச்சேன். அவ்வளவுதான். அம்மா, நீயே சொல்லும்மா!”

முதல்முறையாக அவன் தாயிடம் கேட்டான். கட்டிலருகே போய்க் கையை நீட்டினான்.

அந்த அம்மா அவனையே பார்த்தாள். நர்சின் கையிலிருந்து தன் இடது கையை விடுவித்துக்கொண்டாள். கட்டைவிரலை உள்ளே மடக்கினாள். மற்ற நான்கு விரல்களையும் அதன்மேல் மூடி, முஷ்டியை மார்போடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். மறுபடியும் ஒரு தடவை மூடித் திறந்தாள்.

பெரியவன் நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

நர்ஸ் எழுந்தாள். விடுவிடுவென்று போய்ச் சாப்பாட்டு மேசையிலிருந்த தாளையும் பேனாவையும் எடுத்துவந்து அவன் முன்னால் அறைந்தாள்.

“எழுதுங்க. என்னை எழுதச் சொன்னீங்களே, அதே வாசகம். ‘நான்தான் செஞ்சேன்.’ முதல்ல அம்மாவுக்கு, அப்புறம் எனக்கு. ஏஜென்சிக்கும் போலீசுக்கும் நானே கொண்டுபோறேன்.”

தம்பி வாசலை மறித்துக்கொண்டு நின்றான். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெரியவன் உட்கார்ந்து எழுதினான். கையெழுத்துப் போடப் போனவனை நர்ஸ் தடுத்தாள்.

“கையெழுத்து வேண்டாம்.” மைப்பெட்டியைத் திறந்து அவன் பக்கம் தள்ளினாள். “ரேகை வைங்க. பயப்படாதீங்க, நான் யார் கையையும் பிடிச்சு அழுத்த மாட்டேன். நீங்களா வைங்க.”

அவன் வைத்தான். ரேகை சுத்தமாக விழுந்தது.

வெடி பெரியவனின் போனை எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேமராவின் தூக்க நேரத்தைப் பூஜ்யமாக்கினாள். நர்ஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாகப் போகிறது. தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஆகாரக் கிண்ணத்துடன் உள்ளே வந்தாள்.

கட்டிலில் அந்த இடது கை திறந்துதான் இருந்தது.