பதினோராம் மாடியில் ஒரு தெரு

சோங்சிங் நகரத்தில் வழி கேட்டால் யாரும் கிழக்கு, மேற்கு என்று சொல்ல மாட்டார்கள். "மேல ஏறு", "கீழ இறங்கு" என்பார்கள். மலைச்சரிவில் கட்டிய ஊர் அப்படித்தான் பேசும். லான்யியின் வீடு பதினான்காம் மாடியில். வாசல் தெரு பதினோராம் மாடியில்.

செங்டுவிலிருந்து வந்த சித்திக்கு இது பிடிக்கவில்லை.

"இது ஊரா, ஏணியா?" என்றார்.

"உங்க ஊரு தட்டு மாதிரி. பந்தை வச்சாக்கூட உருளாது," என்றாள் லான்யி.

மறுநாள் காலை, சித்தியின் ஆறு வயது மகன் ஹாவ்ஹாவைக் காணவில்லை. நல்லவேளையாக, போன் பேசும் கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தான். சித்தியும் லான்யியும் தெருவுக்கு ஓடினார்கள். சித்தியின் போன் வரைபடத்தில் அவனுடைய புள்ளி அந்த வாசலிலேயே நின்றது. ஆளைத்தான் காணோம்.

சித்தி அவனை அழைத்தார். "எங்கடா இருக்க?"

"வீட்டு வாசல்ல. தெருவுல."

"நாங்களும் வாசல்லதான் நிக்கிறோம். பொய் சொல்லாத."

"நீங்கதான் பொய் சொல்றீங்க," என்று அழுதான். அத்துடன் இணைப்பு அறுந்தது.

புள்ளி ஒரே தாவலில் ஆற்றின் நடுவே போய் நின்றது. சித்திக்கு உயிரே போய்விட்டது. ஆற்றுப் பக்கம் ஓடப் பார்த்தார். லான்யிக்கும் பயம்தான். ஆனாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க சித்தி. செயற்கைக்கோள் சிக்னல் உயரமான கட்டடத்துல பட்டுச் சுத்தி வந்தா, புள்ளி இப்படித்தான் தாவும். என்னையே ஒரு தடவ ஆத்துல நிக்க வச்சிருக்கு."

"அப்ப என் பிள்ள எங்கடி?"

லான்யி யோசித்தாள். முதலில் புள்ளி வாசலில்தான் நின்றது. ஆனால் அந்த வரைபடத்துக்கு மேல், கீழ் தெரியாதே.

"சித்தி, உங்க ஊர்ல தெருவுக்குப் போக லிஃப்ட்ல எதை அழுத்துவீங்க?"

"ஒண்ணைத்தான். தரைத்தளம் அதுதானே?" என்றவர் அப்படியே நின்றார்.

இருவரும் லிஃப்டில் ஒன்றாம் தளத்துக்கு இறங்கினார்கள். மலைச்சரிவின் அடியில், அங்கேயும் ஒரு வாசல், ஒரு தெரு. நூடுல்ஸ் கடைப் படியில் ஹாவ்ஹாவ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சித்தி அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நான் தெருவுலதாம்மா இருந்தேன்."

"ஆமாடா. நீயும் தெருவுல, நாங்களும் தெருவுல," என்றாள் லான்யி.

அன்று மாலை லிஃப்டில் பதினொன்று என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அவள் ஒரு பாண்டா படத்தை ஒட்டிவைத்தாள்.

மறுநாள் சித்தியின் விரல் பழக்கதோஷத்தில் ஒன்றை நோக்கிப் போனது. ஹாவ்ஹாவ் அதைப் பிடித்துப் பாண்டாவின் பக்கம் இழுத்தான்.

"இது ஏணி ஊரும்மா. பாத்து இறங்கு."